அவைக்கு வராத சாட்சி

பொங்கல்தோறும் சங்க மண்டபத்தில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் உண்மை தெரியும். மேடையில் வழக்குரைப்பவர் தாம் நம்புவதைத்தான் உரைக்கிறார் என்பதில்லை. எந்த அணியில் அமர்த்தினாலும் அந்த அணியின் நியாயத்தைத் தேடிக் கண்டெடுப்பதே அவர் திறம். டில்லியில் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் அரசியல் விஞ்ஞானம் போதித்த நான், அந்த மரபையே வகுப்பறைக்குக் கடன் வாங்கிச் சென்றேன்.

பாடம், குடியரசுத் தலைவர்மீது குற்றஞ்சாட்டிப் பதவி நீக்கும் முறை. நம் அரசியலமைப்பின் 61ஆவது பிரிவு அதற்கு வழிவகுத்திருந்தும், இதுவரை எவர்மீதும் அது பயன்படுத்தப்பட்டதில்லை. ஆகவே எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவையே நாட வேண்டியிருந்தது. அங்கே பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்டும். செனட் சபை விசாரிக்கும். நீக்குவதற்கு மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது 1868ஆம் ஆண்டு ஆண்ட்ரூ ஜான்சன்மீது நடந்த விசாரணை. செனட்டின் இசைவின்றிச் சில அதிகாரிகளை நீக்கலாகாது என்று 1867இல் ஒரு சட்டம் பிறந்தது. அதை மீறிப் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை ஜான்சன் நீக்கினார் என்பதே 11 குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றின் சாரம். மே 16 அன்று நடந்த வாக்கெடுப்பில் குற்றவாளி என்றோர் 35 பேர். அல்லர் என்றோர் 19 பேர். ஒரே வாக்குக் குறைவால் அவர் பதவி தப்பியது.

செனட்டர் சிலர் தம் முடிவுக்கான காரணங்களை எழுதியே அளித்திருந்தனர். அவற்றின் பிரதிகளை மாணவர்களிடம் கொடுத்து, கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுவேன். சாட்டப்பட்ட குற்றம் எது? எந்த அளவுகோலால் இவர் அதை அளக்கிறார்? தம் கட்சித் தலைவராயிருந்தால் இதையே சொல்வாரா? பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டு இரு அணிகளாகப் பிரிப்பேன்.

கட்சியை மீறி விடுதலைக்கு வாக்களித்த குடியரசுக் கட்சியினர் எழுவரையும் வீரர்களாகவே நான் வருணித்து வந்தேன். அவர்களுள் ஒருவரான எட்மண்ட் ராஸைத் தம் நூலில் கென்னடியே போற்றியிருந்தார். ஆண்டுதோறும் அந்த இடத்தில் என் குரல் சற்றுத் தழுதழுக்கும்.

1980களின் இறுதியில் ஒரு நாள். பீகார்க் கிராமமொன்றிலிருந்து வந்த மாணவர். தம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஜான்சனுக்காக வாதாடும் சீட்டு அவர் கைக்கு வந்தது. எழுந்து நின்றார், பேசவில்லை. பிறகு இந்தியில் கேட்டார்: "ஐயா, விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் குடியுரிமை தந்த 1866ஆம் ஆண்டுச் சட்டத்தை இவர் தடுக்கப் பார்த்தாரே! இந்த ஐம்பத்து நான்கு பேரும் அளித்த தீர்ப்பு யாருடைய வாழ்வைத் தொட்டது? அவர்களில் ஒருவராவது அந்த அவையில் இருந்தாரா?"

இல்லை. ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைத்தளையிலிருந்து மீண்டிருந்த நேரம் அது. முதல் கறுப்பின உறுப்பினரான ஹைரம் ரெவல்ஸ் செனட்டில் அமர்ந்ததோ 1870இல்தான்.

அன்றிரவு சார்லஸ் சம்னரின் உரையை எடுத்துப் படித்தேன். வெற்று ஆவேசம் என்று நான் ஆண்டுக்கணக்கில் தள்ளி வைத்திருந்த பக்கங்கள் அவை. இது அடிமைமுறையோடு நடக்கும் கடைசிப் பெரும்போர்களில் ஒன்று என்பதே அவர் வாதம். அவைக்கு வராத சாட்சிகளுக்காக ஒருவர் பேசியிருக்கிறார். அவரை என் மாணவர் கண்ணில் படாமல் மறைத்தவன் நான்! நடுநிலை போதிப்பதாக எண்ணிக்கொண்டு செய்த பிழை அது.

மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன். சம்னரையும் டிரம்புல்லையும் அருகருகே வைத்துப் படித்தோம். கொள்கை மாறுபாட்டுக்காக ஒருவரை நீக்கினால் இனி எந்தத் தலைவரும் நிலைக்க மாட்டார் என்ற டிரம்புல்லின் அச்சமும் பொய்யன்று. அந்த வகைச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 1926இல் கூறியது. இரண்டு நியாயங்களும் மோதும் இடத்தில் தீர்ப்பு எளிதன்று என்பதை என் மாணவரோடு சேர்ந்து நானும் அன்றுதான் கற்றேன்.

அதன்பின் 1974ஆம் ஆண்டு நிக்ஸன் விவாதத்தையும் பாடத்தில் சேர்த்தேன். 38 பேர் கொண்ட சட்டக் குழுவில் பார்பரா ஜோர்டான் என்ற கறுப்பினப் பெண்மணி பேசினார். அரசியலமைப்பு இயற்றப்பட்ட நாளில் மக்கள் என்ற சொல்லுக்குள் தாம் அடங்கியிருக்கவில்லை என்று நினைவூட்டிவிட்டு, அதே அரசியலமைப்பைக் காக்கவே அவர் வாதாடினார். முதற் குற்றச்சாட்டு 27க்கு 11 என நிறைவேறிற்று. நிக்ஸன் கட்சியினரே ஆறு பேர் அதை ஆதரித்தனர். 1868இல் அடைபட்டிருந்த கதவு 106 ஆண்டுகளுக்குப் பின் திறந்திருந்தது.

பாண்டியன் அவையில் கண்ணகியை உள்ளே வரவிட்டார்கள். அதனாலன்றோ அங்கே உண்மை வெளிப்பட்டது! ஓய்வு பெறும்வரை என் கரும்பலகையில் நான்காவது கேள்வி ஒன்றும் இருந்தது: இந்தத் தீர்ப்பால் வாழ்வு மாறப்போகிறவர் அவையில் இருக்கிறாரா? அதை எனக்குக் கற்பித்த மாணவரின் பெயரையும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வகுப்பில் சொல்லி வந்தேன்.