அக்ரா போகும் அன்பர்களுக்கு

மேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களில் பலருக்கு அடர்ந்த காடும், சிங்கமும், புலியும் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆப்பிரிக்காக் கண்டத்துக் காடுகளில் புலி என்ற பிராணியே கிடையாது. கானா தேசத்தின் தலைநகரமாகிய அக்ராவுக்குப் போகிறவர்கள் துஷ்ட மிருகங்களுக்கு அஞ்சவேண்டியதில்லை; மோட்டார் வண்டிகளுக்கு மட்டும் அஞ்சினால் போதும்.

அக்ரா கடற்கரைப் பட்டணம். 1877-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயர் தங்கள் ‘பொற்கரை’க் குடியேற்றத்தின் தலைநகரத்தைக் கேப் கோஸ்ட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். ‘அக்ரா’ என்ற பெயர் எறும்பைக் குறிக்கும் ‘ன்க்ரான்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சாரை சாரையாக வந்து குடியேறிய ‘கா’ ஜனங்களைப் பார்த்து அண்டை அயலார் இட்ட பெயராம். 2021-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அக்ரா பெருநகர வட்டாரத்தில் மட்டும் 54 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். ஆகவே எறும்புக் கூட்டம் என்ற பெயர் இன்று முன்னைக் காட்டிலும் அதிகமாகவே பொருந்துகிறது.

புறப்படுவதற்கு முன்

முதல் காரியம், மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்வது. அந்த அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. அதைவிட முக்கியம், அது இல்லாமல் நம் நாட்டுக்குத் திரும்புவதும் கஷ்டம். விமான நிலையத்திலிருந்து நேரே கொண்டுபோய் 6 நாள் தனியே அடைத்துவைத்து விடுவார்கள். ஊசி போட்ட 10 நாளைக்குப் பிறகே பத்திரம் செல்லும். ஆதலால் கடைசி வாரத்தில் ஓடித் திண்டாட வேண்டாம். எல்லா வைத்தியர்களும் இதைப் போட முடியாது. சர்க்கார் அநுமதி பெற்ற ஸ்தலங்களிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னைவாசிகளுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஒருமுறை போட்டுக்கொண்டால் ஆயுள் முழுதும் செல்லுபடியாகும்.

இரண்டாவது, மலேரியா. அக்ராவில் வருஷம் முழுவதும் மலேரியா உண்டு. “நம்மூர்க் கொசுவுக்கே அஞ்சாதவன்!” என்று மார் தட்டுவதில் பயனில்லை. வைத்தியரைக் கேட்டு, போகும் முன்பே மாத்திரை தொடங்கி, திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரையில் விடாமல் சாப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நம் ஊரிலிருந்து நேர் விமானம் இல்லை. துபாய், அடிஸ் அபாபா போன்ற இடங்களில் விமானம் மாறவேண்டும். போய் இறங்கியதும் கடிகாரத்தை ஐந்தரை மணி பின்னுக்குத் திருப்பி வையுங்கள். கிரீன்விச் ரேகை அக்ராவுக்குக் கிழக்கே அடுத்திருக்கும் டேமா துறைமுகத்தின் வழியாகவே செல்கிறது. ஆதலால் உலகத்துக் கடிகாரங்களெல்லாம் எந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகின்றனவோ, அதுவே அக்ராவின் நேரம்.

சென்னை வெயிலில் பழகியவர்களை அக்ராவின் வெயில் பயமுறுத்தாது. ஏப்ரல் முதல் ஜூலை வரையில் பெருமழைக் காலம். ஜூன் மாதத்தில் சில வீதிகள் வாய்க்காலாகிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில் ஸஹாராப் பாலைவனத்திலிருந்து ‘ஹர்மட்டான்’ என்ற வறண்ட காற்று வீசுகிறது. வானம் புழுதியால் மங்கி, உதடு வெடிக்கும். ஆஸ்த்மாக்காரர்கள் அந்தச் சமயத்தைத் தவிர்ப்பது நலம்.

பணமும் வண்டியும்

கானாவின் நாணயத்துக்கு ‘ஸேடி’ என்று பெயர். 100 பெஸேவா கொண்டது ஒரு ஸேடி. ‘ஸேடி’ என்ற சொல்லுக்கு மூலப்பொருள் சோழி! வெள்ளைக்காரன் நாணயம் வருவதற்கு முன்னால் அந்நாட்டுச் சந்தைகளில் சோழியே பணமாக வழங்கிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு, 1965-இல், தங்கள் நாணயத்துக்குப் பழைய சோழியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். நம் ரூபாய் நோட்டை அங்கே யாரும் சீந்தமாட்டார்கள். டாலராகவோ பவுனாகவோ கொண்டுபோய், பாங்கியிலோ அநுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ மாற்றிக்கொள்ள வேண்டும். தெருவில் நின்று அதிக விலை தருவதாகக் கூப்பிடுகிறவனிடம் மாற்றினால், எண்ணிப் பார்க்கும்போது குறையும்.

வீதியைக் கடக்கும்போது மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கானாவிலும் முன்பு நம்மைப் போல் இடது பக்கமாகத்தான் வண்டி ஓட்டினார்கள். 1974-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி தேசம் முழுவதும் ஒரே நாளில் வலது பக்கத்துக்கு மாறியது. பழக்க தோஷத்தினால் நாம் வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்குவோம். வண்டியோ இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கும்.

ஊருக்குள் போய்வர ‘ட்ரோ-ட்ரோ’ என்னும் சிறு பஸ்கள் ஓடுகின்றன. ஆதியில் மூன்று பென்ஸ் கட்டணம் வாங்கியதால் ஏற்பட்ட பெயர் அது. கட்டணம் உயர்ந்துவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. இந்த வண்டியின் உதவியாளனை ‘மேட்’ என்பார்கள். அவன் வாசலில் தொங்கிக்கொண்டு “ஸெர்க், ஸெர்க்” என்று கத்தினால், வண்டி க்வாமே என்க்ரூமா வட்டத்துக்குப் போகிறதென்று அர்த்தம். வண்டி நிரம்பினால்தான் புறப்படும். அவசரக்காரர்களுக்கு டாக்ஸி உண்டு, மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். ‘டிராப்பிங்’ என்று அவன் கேட்டால், முழு வண்டியும் உமக்கே வேண்டுமா என்று கேட்கிறான் என்பது பொருள்.

ராத்திரி நடக்கிறவர்கள் கையில் சிறு விளக்கு வைத்துக்கொள்வது நல்லது. பல தெருக்களில் சாக்கடைகளுக்கு மூடி கிடையாது; மின்சாரமும் சில சமயம் போய்விடும். போவதும் வருவதுமாயிருக்கும் மின்சாரத்துக்கு அந்த ஜனங்கள் ‘அணை-ஏற்று’ என்ற கருத்தில் ‘டும்ஸோர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சமுத்திர ஸ்நானம் செய்ய ஆசைப்படுகிறவர்கள், உள்ளே இழுக்கும் நீரோட்டம் பொல்லாதது என்பதை மறக்கக் கூடாது.

சாப்பாட்டு விஷயம்

சைவ உணவுக்காரர்கள் இங்கே கொஞ்சம் கவனமாயிருக்க வேண்டும். பார்த்தால் வெறும் கீரைக் குழம்பு போலிருக்கும். உள்ளே கருவாட்டுப் பொடி கரைந்திருக்கும். “மாமிசம் இல்லையே?” என்று கேட்டால் “இல்லை” என்றே பதில் வரும், மீனை அவர்கள் மாமிசத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே, மீனைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ‘ரெட் ரெட்’ என்பது காராமணியைச் சிவந்த பனை எண்ணெயில் சமைத்து, வறுத்த வாழைப்பழத்துடன் பரிமாறுவது. ‘கெலெவெலெ’ என்பது இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரித்த பழுத்த வாழைத் துண்டு. மாலை வேளையில் தெருவோரத்தில் சுடச்சுட வாங்கிச் சாப்பிட்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். அரிசியும் பயறும், சோளத் தட்டையின் நிறம் ஏறிச் செந்நிறமாக வெந்திருப்பது ‘வாச்சே’. ‘கா’ ஜனங்களின் பிரதான ஆகாரம் ‘கெங்கே’: மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து, கதிரின் தோகையில் பொதிந்து அவிப்பது. இட்லி மாவு புளித்த வாசனையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புளிப்பு அந்நியமாகத் தோன்றாது.

எந்தப் பொருளையும் இடது கையால் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். ஐரோப்பியப் பிரயாணிகளுக்கு இதைப் பக்கம் பக்கமாக எழுதிப் புரியவைக்கிறார்கள். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அதே போல, யாரிடமும் வழி கேட்பதற்கு முன்னால் வந்தனம் சொல்ல வேண்டும். பலர் உட்கார்ந்திருந்தால் வலது கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டு வரவேண்டும். வந்தனமில்லாமல் கேள்வி கேட்பவனை வளர்ப்புச் சரியில்லாதவன் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணம் நமக்கும் பழையதுதானே?

புறப்படுமுன் நீங்கள் எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்பதையும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அக்ராவில் ஏராளமாக வசிக்கும் ‘அக்கான்’ ஜனங்களுக்குப் பிறந்த கிழமையே பெயராகும். வெள்ளிக்கிழமைப் பிள்ளை கோஃபி. சனிக்கிழமைப் பிள்ளை க்வாமே. உங்கள் கிழமையைச் சொன்னால் அப்பொழுதே ஒரு பெயர் சூட்டிச் சிநேகமாகிவிடுவார்கள்.

பார்க்க வேண்டியவை

மக்கோலா சந்தையைக் காலையில் போய்ப் பாருங்கள். 1924-இல் ஏற்பட்ட சந்தை இது. இங்கே வியாபாரம் ஸ்திரீகளின் ராஜ்யம். தக்காளிக்கு ஒரு தலைவி, துணிக்கு ஒரு தலைவி என்று தனித்தனியே உண்டு. 1979-இல் ராணுவ ஆட்சியினர், விலைவாசி ஏறியதற்கெல்லாம் இந்தப் பெண்களே காரணம் என்று பழி சுமத்திச் சந்தையை இடித்துத் தள்ளினார்கள். விலை இறங்கவில்லை, பெண்களும் சளைக்கவில்லை. மறுபடியும் கடை விரித்தார்கள். பேரம் பேசலாம், சிரித்துக்கொண்டே பேச வேண்டும். படம் எடுக்குமுன் அநுமதி கேட்பது அவசியம். விமான நிலையம், ராணுவக் கட்டடங்கள் ஆகியவற்றின் பக்கம் காமிராவைத் திருப்பவே கூடாது.

பிறகு கடற்கரைக் கோட்டைகள். 1649-இல் டச்சுக்காரர்கள் கட்டத் தொடங்கியது இன்றைய அஷர் கோட்டை. 1661-இல் டேனிஷ்காரர்கள் ஊன்றியது ஓஸு மாளிகை. 1673-இல் ஆங்கிலேயர் எழுப்பியது ஜேம்ஸ் கோட்டை. நம் சோழ மண்டலக் கரையில் பழவேற்காட்டிலும் தரங்கம்பாடியிலும் சென்னையிலும் நடந்த அதே போட்டி!  அக்ராக் கரையில் ஏற்றுமதியான சரக்கில் மனிதர்களும் இருந்தார்கள். ஆண்களும் பெண்களும் விலங்கிடப்பட்டு, இருண்ட அறைகளில் அடைபட்டு, கப்பலேற்றி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் விற்கப்பட்டார்கள். 145 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கேப் கோஸ்ட் கோட்டைக்கும் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வர வேண்டும். அந்த நிலவறைகளில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே, தம் மூதாதையர் கடைசியாக மிதித்த மண்ணைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே வாய் திறவாமலிருப்பதே மரியாதை.

ஜேம்ஸ் கோட்டை பின்னாளில் சிறைச்சாலையாயிற்று. அதற்குள் ஆங்கிலேயர் பூட்டி வைத்தவர்களில் க்வாமே என்க்ரூமா ஒருவர். 1950 ஜனவரியில் அவர் ‘செயல்முறைப் போர்’ என்ற பெயரில் வேலை நிறுத்தமும் பகிஷ்காரமும் தொடங்கினார். பலாத்காரம் கூடாது என்பது நிபந்தனை. அந்த மார்க்கத்துக்கு மகாத்மா காந்தியின் இயக்கமே தமக்கு வழிகாட்டி என்பதை அவர் மறைக்கவில்லை. சிறையிலிருந்தபடியே 1951 பிப்ரவரித் தேர்தலில் வெற்றி பெற்றார். 1957 மார்ச் 6-ந் தேதி பிறந்த நடுநிசியில், வெள்ளைக்காரர்கள் போலோ ஆடிய மைதானத்தில் நின்று, கானா சுதந்திரம் அடைந்ததாகப் பிரகடனம் செய்தார். அந்த மைதானத்திலேயே இன்று அவருடைய சமாதி இருக்கிறது. 1966-இல் அவர் ஆட்சியைக் கவிழ்த்தபோது ஜனங்கள் உடைத்துத் தள்ளிய சிலையையும், அதன் தலையை வேறாக வைத்து, அங்கேயே காட்டுகிறார்கள். தங்கள் சரித்திரத்தில் கசப்பானதையும் ஒளிக்காத அந்தத் துணிவு மெச்சத்தக்கது.

இன்னொரு விஷயமும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது மகாயுத்தத்தில் பொற்கரைச் சிப்பாய்கள் பர்மாவில் போரிட்டார்கள், இந்தியாவிலும் தங்கினார்கள், நம் சுதந்திரக் கிளர்ச்சியைக் கண்ணால் கண்டார்கள். ஊர் திரும்பிய பின், வாக்களித்த உதவித் தொகை வராததால், 1948 பிப்ரவரி 28-ந் தேதி ஓஸு மாளிகையை நோக்கி ஆயுதமின்றி ஊர்வலமாகச் சென்றார்கள். வழியில் போலீஸார் சுட்டதில் மூவர் மாண்டனர். கானாவின் விடுதலைக் கதை அந்த முச்சந்தியில் வேகம் பெற்றது.

ஒரு தர்மசங்கடம்

2016 ஜூனில் இந்திய ராஷ்டிரபதி அக்ராவிலுள்ள கானாப் பல்கலைக்கழகத்தில் காந்தி சிலை ஒன்றைத் திறந்துவைத்தார். சில மாதங்களுக்குள் அதை அகற்றவேண்டும் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கிளர்ச்சி செய்தார்கள். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இளம் வயதில் ஆப்பிரிக்கரைத் தாழ்த்தி எழுதிய வாசகங்களை எடுத்துக்காட்டினார்கள். 2018 டிசம்பரில் சிலை எடுக்கப்பட்டது. இதைப் பற்றி அக்ராவில் யாரேனும் உங்களிடம் கேட்கக்கூடும். உடனே கோபித்துக்கொண்டு வாதத்தில் இறங்க வேண்டாம். அந்த வாசகங்கள் எழுதப்பட்டவை உண்மை. பின்னாளில் அவர் வளர்ந்து மாறியதும் உண்மை. என்க்ரூமா அவரிடம் பாடம் கற்றதும் உண்மை. மூன்றையும் ஒருசேரச் சொல்லத் தெரிந்தவரே நம் தேசத்துக்கு நல்ல பிரதிநிதி. படிப்பதற்காக நம் நகரங்களுக்கு வரும் ஆப்பிரிக்க மாணவர்களை நாம் வீதியில் எப்படிப் பார்க்கிறோம், வாடகைக்கு வீடு கேட்டால் என்ன சொல்லுகிறோம் என்பதை அவர்கள் ஊருக்கு எழுதாமல் இருப்பார்களா? சிலையைப் பற்றிய கேள்விக்குப் பின்னால் பல சமயம் அந்தக் கேள்வியும் நிற்கிறது.

அக்ராவில் வருகிறவரை ‘அக்வாபா’ என்று வரவேற்பார்கள். ‘நல்வரவு’ என்று பொருள். ‘மெடாஸே’ என்றால் வந்தனம். இந்த இரண்டு சொற்களையும் கற்றுக்கொண்டு போங்கள். திரும்பி வந்தபின், கானாவிலிருந்து ஒருவர் உங்கள் தெருவில் வீடு தேடி வந்தால், ‘அக்வாபா’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். பிரயாணத்துக்குச் செலவழித்த பணம் அன்றுதான் வசூலாகும்.