மைதானமா, வகுப்பறையா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி பக்கம் விளையாட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வாக்குவாதம் தொடங்கிவிடும். "ஓடிக்கிட்டே இருந்தா சோறு கிடைக்குமா?" என்பார் அப்பா. "ஓடினாதாம்ப்பா சீட்டே கிடைக்கும்" என்பாள் மகள்.

இரண்டிலும் நியாயம் உண்டு. தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அரசு வேலையிலும் 3 சதவிகித ஒதுக்கீடு உண்டு. ஆனால், சான்றிதழ் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போய்ப் படிக்க வேண்டியது பிள்ளைதான்.

கல்வராயன் மலைக்கு மேற்கே, சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்று வளர்த்தார் அம்மா. சேலத்துக் கல்லூரி ஒன்றில் பி.பி.ஏ. படித்தபடியே உயரம் தாண்டினார் மாரியப்பன். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

எல்லோருக்கும் பதக்கம் வாய்க்காது. அதனால் வெள்ளிமலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளையும் பெற்றோரும் சேர்வதற்கு முன்பே கல்லூரியில் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். காயம்பட்டு ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் கட்டணச் சலுகையும் விடுதி இடமும் தொடருமா? போட்டிக்குப் போகும் நாள்களுக்கு வருகைப்பதிவு உண்டா? தவறிய தேர்வை எப்போது எழுதலாம்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அங்கே ஏற்கெனவே ஆடும் சீனியர்களிடமும் விசாரிக்கலாம்.

பிள்ளை தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது: 'நாளைக்கே விளையாட்டு நின்றுபோனாலும் இந்தப் படிப்பை முடிப்பேனா?' ஆம் என்றால், தாராளமாகச் சேரலாம்.