உருளைக்கிழங்கு வேகும் நேரம்

ஷாந்தால் அக்கர்மானின் ‘ழான் டீல்மன்’ 201 நிமிடம் ஓடும். 1975இல் வெளிவந்த அந்தப் படத்தை எடுத்தபோது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு, மகனோடு வாழும் ஒரு விதவை, மூன்று நாட்கள். பிற்பகலில் ஓர் ஆண் வந்து பணம் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பணம் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் பீங்கான் சூப் பாத்திரத்துக்குள் போகும். மற்றபடி சமையல், பாத்திரம், படுக்கை விரிப்பு. கேமரா அசையாது. பின்னணி இசை கிடையாது.

முதல் நாள் முழுக்க நான் கதையைத் தேடுவதில்லை, வீட்டைப் படிக்கிறேன். அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் ழான் விளக்கை அணைக்கிறாள். பணத்தைப் போட்டதும் மூடியை வைக்கிறாள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது நம் கண்ணுக்குப் பழகிவிட வேண்டும். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. அவ்வளவுதான். அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வீட்டுக்குள் அலையும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. முதல் நாளைத் தள்ளிவிட்டுப் பார்த்தவருக்கு அது வெறும் கிழங்கு. பிறகு மூடாமல் கிடக்கும் சூப் பாத்திரம், கலைந்த தலைமுடி, போடாமல் விட்ட ஒரு பொத்தான். வேறு படத்தில் துப்பாக்கி வெடித்தாலும் இவ்வளவு பதறமாட்டேன். டெல்ஃபீன் செய்ரிக் இதையெல்லாம் கைகளாலேயே நடித்துவிடுகிறார்.

மெதுவாக ஓடுவதாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. ஒரு ஷாட்டின் முதல் நிமிடத்தில் பார்க்காத எதுவும் மூன்றாம் நிமிடத்தில் கிடைக்கவில்லையென்றால் அது வெறும் நீளம். பெலா தாரின் ‘டூரின் குதிரை’யில் (2011) 146 நிமிடத்துக்கு 30 ஷாட்கள்தாம். அப்பாவும் மகளும் நாள்தோறும் ஆளுக்கொரு அவித்த உருளைக்கிழங்கைக் கையால் தின்கிறார்கள். முதல் நாள் கேமரா அப்பாவைப் பார்க்கிறது: சூடு ஆறுவதற்குள் பிய்த்து விழுங்குகிறார். மறுநாள் அதே சாப்பாடு, மகளின் முகத்தில். கடைசி நாள் நெருப்பு மூளவில்லை. தட்டில் பச்சைக் கிழங்கு. அந்த முந்தைய சாப்பாடுகளைப் பொறுமையாகப் பார்த்திருந்தால்தான் இந்தப் பச்சைக் கிழங்கு தொண்டையை அடைக்கும்.

2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் வாக்கெடுப்பில் ‘ழான் டீல்மன்’ முதலிடம் பெற்ற பிறகு, அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்ததாகச் சிலர் என்னிடம் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூன்றரை மணி நேரம் ஒதுக்க முடிகிற நாள் வரட்டும். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, முதல் நிமிடத்திலிருந்து பாருங்கள்.