மலிவுக் காலத்துக் குறிப்புகள்

ரூபாய்க்கு இத்தனை படி அரிசி, அரையணாவுக்கு வயிறு நிறையப் பலகாரம், ஓரணா கையில் இருந்தால் அன்றைக்கு அவன் ராஜா. 1930-களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவைத்த கதை எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதுதான். ஓசூரிலும் இதையே கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் யார் என்று பார்த்தால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வீடு, வாத்தியார் வீடு, போஸ்ட் மாஸ்டர் வீடு. மாதம் பிறந்தால் சம்பளம் வந்த குடும்பங்கள். 1931 கடைசியில் இந்திய சர்க்கார் தன் ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டியது. அந்தச் சமயத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்துகொண்டிருந்தது. சம்பளத்தில் பத்து போனாலும் அரிசிச் செலவில் ஐம்பது மிச்சம் என்றால் அது பொற்காலம்தான். நெல்லையும் நிலக்கடலையையும் விற்றவன் வீட்டில் நினைவுக் குறிப்பு எழுத ஆளில்லை.

*

அப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் கிடையாது, தருமபுரி மாவட்டமும் கிடையாது. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாவின் வடகோடித் தாலுகாக்கள். ஓசூரைத் தாண்டி நடந்தால் மைசூர் மகாராஜாவின் ராஜ்யம். இரண்டு பக்கமும் ஒரே ரூபாய், வரிதான் வேறு.

*

நிலவரியை இங்கே கந்தாயம் என்பார்கள். குடியானவன் நேராகச் சர்க்காரிடம் கட்டும் ரொக்க வரியாக அது வேர்விட்டது இந்த மண்ணில்தான். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினி கைக்கு மாறியதும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல், குடியானவனிடமே நேராகத் தண்டினார்கள். ஓசூர்ப் பக்கம் 1799-க்குப் பிறகு சேர்ந்தது. ரயத்துவாரி என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அதன் நாற்றங்கால் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை.

இந்த ஏற்பாட்டில், விலை ஏறினால் குடியானவனுக்கு நல்லது. இறங்கினால் சர்க்காருக்கு ஒரு தம்பிடி நஷ்டமில்லை. முன்பு ஒரு மூட்டை கடலை விற்றுக் கட்டிய கந்தாயத்தை 1932-ல் இரண்டு மூட்டைக்கு மேல் விற்றுக் கட்ட வேண்டியிருந்தது. சர்க்கார் அவ்வப்போது கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தது உண்மை. விலை விழுந்த ஆழத்துக்கு அது எட்டவில்லை. அப்போது மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சி 1937 தேர்தலில் மண்ணைக் கவ்வியதற்குக் காங்கிரஸ் அலையை மட்டும் காரணம் சொல்பவர்கள் கந்தாய ரசீதை மறந்துவிடுகிறார்கள்.

*

பட்டினி இருந்ததா? இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இது நெல் சீமை இல்லை, கேழ்வரகுச் சீமை. ஆரியம் என்றும் சொல்வார்கள், எல்லையை நெருங்க நெருங்க ராகி. குழி வெட்டி, வைக்கோல் போட்டு, தானியத்தைக் கொட்டி மூடி வைத்தால் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாது. காலையில் கூழ், இரவில் களி, தொட்டுக்கொள்ள கீரையோ கொள்ளோ அவரையோ. அரிசிச் சோறு பொங்கலுக்கும் தேருக்கும்தான். நியூயார்க் பங்குச்சந்தை 1929 அக்டோபரில் விழுந்து உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியதும் கெலமங்கலத்துக் களி உருண்டை சிறுத்துவிடவில்லை. காசு வேண்டிய இடங்களில்தான் அடி விழுந்தது: கந்தாயம், வட்டி, உப்பு, மண்ணெண்ணெய், துணி, தீப்பெட்டி. காசு வந்த வழிகளோ கடலை, புளி, ஆமணக்கு, கொஞ்சம் நெய், ஒரு ஜோடி மாடு. வந்த வழியில் விலை பாதியாகியது. போன வழியில் அப்படியே நின்றது, சிலவற்றில் ஏறியது.

ஏறிய கணக்கு இது. உப்பு வரி மணுவுக்கு ஒன்றேகால் ரூபாய் இருந்தது. அந்த வரியை எதிர்த்துத்தான் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடந்தார். 1931 செப்டம்பரில் அவசர பட்ஜெட் போட்டு, எல்லா வரியோடும் சேர்த்து உப்புக்கும் கால் பங்கு கூட்டினார்கள். அரையணா கார்டு முக்காலணா ஆனது. வருமான வரி கட்ட வேண்டாத எல்லை 2,000 ரூபாயிலிருந்து 1,000 ஆக இறங்கியது. 1934-ல் தீப்பெட்டிக்குத் தனியாக உற்பத்தி வரி. எல்லாம் மலிந்த காலம் என்று சொல்லும்போது இந்த நான்கையும் கூடவே சொல்ல வேண்டும்.

ஜப்பான் துணி மட்டும் நிஜமாகவே மலிவு. அவ்வளவு மலிவு என்றால், 1933-ல் அதன்மேல் நூற்றுக்கு எழுபத்தைந்து சுங்கம் போட வேண்டி வந்தது. சேலத்து நெசவாளருக்கு அந்த மலிவும் ஓர் இடி. எல்லைக்கு அப்பால் பட்டுக்கூடு வளர்த்தவர்களை ஜப்பான் பட்டும் சீனப் பட்டும் கவிழ்த்தன.

*

தங்கம். இதை நிதானமாக எழுத வேண்டும்.

1927 சட்டப்படி ஒரு தோலாத் தங்கத்துக்குச் சர்க்கார் விலை 21 ரூபாய் 3 அணா 10 பை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து பவுனைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டது. ரூபாயைப் பவுனோடு கட்டியே வைத்திருந்தார்கள், ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். தங்க விலை கிடுகிடுவென ஏறி, சில ஆண்டுகளில் தோலா 30 ரூபாயைத் தாண்டியது. கடனும் கந்தாயமும் நெருக்கிய வீடுகளில் விற்க மிச்சமிருந்தது, விலை ஏறிக்கொண்டிருந்த ஒரே பொருள், பெண்கள் கழுத்தில் காதில் கிடந்தது. நாடு முழுவதும் இப்படி விற்ற தங்கம் பம்பாய் வழியாகக் கப்பலேறியது. பல நூறு கோடி ரூபாய் மதிப்பு. இந்தியர்கள் நல்ல விலைக்கு லாபம் பார்த்தார்கள் என்று லண்டனில் விளக்கம் சொன்னார்கள். தோட்டைக் கழற்றிக் கொடுத்தவளிடம் லாபம் என்று சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அதே சமயம் எல்லைக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணகிரிக்கு வடக்கே, கோலார் தங்க வயலில் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் சுரங்கங்கள் செழித்தன. உலகமெல்லாம் ஆலைகள் மூடியபோது தங்கம் தோண்டுகிற தொழிலுக்கு மந்தமே இல்லை. பூமிக்கடியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து ஆதிதிராவிடர்கள். 1930-ல் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள மறுத்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். ஆக, ஒரே குடும்பத்தில் தம்பி மண்ணுக்கடியிலிருந்து தங்கத்தை எடுக்க, அண்ணன் வீட்டுக் கம்மல் அடகுக் கடைக்குப் போயிருக்க இடமுண்டு.

*

கங்காணி பேச்சைக் கேட்டு மலாயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் திரும்பி வந்த காலமும் இதுதான். ரப்பர் விலை விழுந்ததும், 1930 முதல் 1932 வரை மலாயாவிலிருந்து மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆள் சேர்த்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. ஊரில் கூலி வேலைக்கு ஏற்கெனவே ஆள் மிச்சம். வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தேயிலையும் விழுந்தது. வெளியே விற்காததை உள்ளூரிலேயே குடிக்க வைக்கலாம் என்று தேயிலை வாரியக்காரர்கள் நாடெங்கும் சந்தை, திருவிழா என்று போய் இலவசமாக டீ ஊற்றினார்கள். இன்று ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் ஷிப்ட் முடிந்து நிற்கும் கூட்டம் டீ இல்லாமல் கலையாது. அந்தப் பழக்கத்தின் விதையில் பாதி, மந்தகாலத்து விற்காத சரக்கு.

*

கிருஷ்ணகிரிக்கு இன்று ரயில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. இருந்த ரயில் போனது மந்தகாலத்தில் என்பது அவ்வளவாகத் தெரியாது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவரப் போட்ட குட்டி ரயில்கள், தண்டவாள அகலம் இரண்டரை அடி. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை 1905-ல் வந்தது. மொரப்பூர்–தருமபுரி 1906, அது ஓசூர் வரை நீண்டது 1913. சரக்கு குறைந்தது. கூடவே மோட்டார் பஸ் வந்து, சந்தை வாசலிலேயே ஆளை ஏற்றி இறக்கியது. கிருஷ்ணகிரிப் பாதையை 1936-ல் மூடினார்கள். ஓசூர்ப் பாதை 1941 வரை தாக்குப்பிடித்தது. பஸ்காரர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மந்தகாலத்தில் இந்தச் சீமையில் முளைத்த புதுத் தொழில் அநேகமாக அது ஒன்றுதான்.

*

பொழுதுபோக்குக்குக் காசு எங்கே இருந்தது? கூத்துக்குக் காசே தேவைப்படவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் கதை, இரவில் கூத்து, துரியோதனன் படுகளம் வரை ஊரே விழித்திருக்கும். கூலியைத் தானியமாகக் கொடுக்கலாம். ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் தேர், கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கலையொட்டி எருது விடும் விழா. சந்தையில் காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம்: வெள்ளம், கொலை, ரயில் விபத்து, பகத்சிங். வாங்கியவர்களைவிட, வாசித்தவனைச் சுற்றி நின்று கேட்டவர்கள் அதிகம்.

முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ் 1931 அக்டோபரில் வந்தது, மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். 1935-ல் நந்தனாருக்குக் கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஆனால் ஓசூர்க்காரனுக்குச் சேலத்தைவிடப் பெங்களூர் கிட்டே, 25 மைல்தான்.

எனக்குப் பிடித்த சான்று சதி லீலாவதி, 1936. எம்.ஜி.ஆர். தலைகாட்டிய முதல் படம் என்பதற்காக எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய கதை அது. குடியால் கெட்ட நாயகன் இலங்கைக்கு ஓடித் தோட்டக் கூலியாகிறான். அங்கே அவனுக்குப் புதையல் கிடைக்கிறது! கொட்டகையில் கைதட்டியவர்களில் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

*

குடி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி, ஊர் முன்சீப் மகன். 1929-லேயே திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார், கூட இருந்தவர் கல்கி. 1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1-ஆம் தேதி சொந்த ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடினார். கடையில் கழிந்த சாயங்காலத்தை நிரப்பப் பஜனை, நாடகம், விளையாட்டு என்று ஏற்பாடு நடந்தது. மரம் ஏறியவர்களைப் பதநீருக்கும் வெல்லத்துக்கும் திருப்பப் பார்த்தார்கள். நாமக்கல்காரனுக்கு மதுவிலக்கு என்றால் மதுவிலக்குதான். ஓசூர்க்காரனுக்கோ மைசூர் ராஜ்யம் கூப்பிடு தூரம், அங்கே தடை இல்லை. 2020 மே மாதம் ஊரடங்குக்கு நடுவே கர்நாடக மதுக்கடைகள் தமிழ்நாட்டுக்கு மூன்று நாள் முன்னதாகத் திறந்தபோது எல்லையிலுள்ள அத்திப்பள்ளிப் பக்கம் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

கள்ளு வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் இரண்டு சட்டம் வந்தன: பொது விற்பனை வரி, கேளிக்கை வரி. கள்ளை விட்டவன் மிச்சக் காசில் சட்டை வாங்கினாலும் சினிமாவுக்குப் போனாலும் கஜானாவுக்குப் பங்கு உண்டு. ராஜாஜியின் கணக்கு பிசகவில்லை.

*

1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனா, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி, அசலை மட்டும் கட்டினால் போதும். அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. மந்தகாலத்துக்கு இந்த மாகாணத்தில் கிடைத்த நேரான மருந்து இது ஒன்றுதான் என்பேன், ஒன்பது வருஷம் தாமதமானாலும். ஆனால் சட்டத்தின் கண்ணில் விவசாயி என்றால் நிலத்தில் விற்கக்கூடிய உரிமை உள்ளவன். பத்திரம் எழுதிக் கடன் வாங்கியவன் கோர்ட்டுக்குப் போய்க் குறைத்துக்கொண்டான். கல்யாணத்துக்குக் கை நீட்டி வாங்கிய முப்பது ரூபாய்க்காகக் கவுடர் வீட்டிலோ ரெட்டி வீட்டிலோ வருஷக்கணக்கில் உழைத்த பண்ணையாளுக்கு நிலமும் இல்லை, பத்திரமும் இல்லை. அவன் கணக்கை அந்தச் சட்டம் திறக்கவில்லை.