எந்தப் பட்டியலில்?

கொல்கத்தாவில் மதர் தெரசா என்றால் காளிகாட் இல்லத்தையும் நோபல் பரிசையும்தான் பேசுவார்கள். எனக்கோ, என்டாலி லொரெட்டோ மடத்துப் பள்ளியில் அவர் வேலை பார்த்த காலம்தான் நினைவுக்கு வரும். 1946 ஆகஸ்ட் 16, முஸ்லிம் லீக்கின் நேரடி நடவடிக்கை நாள். சில நாட்களுக்குள் இந்துவும் முஸ்லிமுமாக ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். உள்நாட்டுப் போர் என்று அதை யாரும் எழுதுவதில்லை. தெருவில் பிணங்களைத் தாண்டி நடந்தவர்களுக்குப் பெயர் எதுவானால் என்ன? விடுதியில் சுமார் 300 பிள்ளைகள், உணவில்லை. மடத்தை விட்டு வெளியே போகக் கூடாதென்ற விதியை மீறி உணவு தேடிப் போனார். தடுத்த பட்டாளத்துக்காரர்களே லாரியில் அரிசி மூட்டையோடு கொண்டுவந்து விட்டார்கள்.

செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் இறைவன் அழைத்ததாகச் சொன்னார். புனிதர் கதையை இதோடு முடித்துவிடலாம். ஆனால் 2007இல் வெளியான அவருடைய கடிதங்களைப் படித்தால், பிறகு பல பத்தாண்டுகள் கடவுள் தன்னருகே இருப்பதாகவே அவரால் உணர முடியவில்லை என்று தெரிகிறது.

மதர் ஹவுஸில் அவருடைய கல்லறையருகே, இலங்கையின் மன்னாரிலிருந்து யாத்திரை வந்திருந்த ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "அவவுக்குமா?" என்றார், கொஞ்சம் நிம்மதியோடு.

அவர் பிழைத்து வந்தது இலங்கைப் போரில். போர் விசுவாசத்தைப் புடம்போட்டது என்று பிரசங்கத்தில் கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில், புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்களிடம் போய் எதைப் புடம்போட்டது என்று சொல்வது?

2008 ஏப்ரலில் ஷெல்லடி நெருங்கியதும் மன்னார் மடு ஆலயத்திலிருந்து மடு மாதாவின் சிலையைக் குருக்கள் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர்கள் மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கிப்போன சிலை அது. "மாதாவே இடம்பெயர்ந்திட்டா தம்பி, பிறகு நாங்கள் ஆரிட்டப் போய் முறையிடுறது?" என்றார் அம்மா. செபமாலையை எறிந்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் தோன்றியதாம். பங்கருக்குள் கையில் வேறொன்றும் இல்லாததால் அதையே உருட்டிக்கொண்டிருந்தாராம். எனக்கு இது எந்தப் பிரசங்கத்தையும்விட நம்பும்படி இருக்கிறது.

போரின் முடிவில், 2009 மே 18 அன்று இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போன பாதர் பிரான்சிஸ் ஜோசப் என்ன ஆனார் என்று இன்றுவரை பதில் இல்லை. அந்த அம்மாவின் தம்பியும் அப்படித்தான். வருடாவருடம் அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் போகிறார். பூசைக் கருத்து எழுதும் கொப்பியில் இறந்தோருக்கு ஒரு பக்கம், உயிரோடிருப்போருக்கு ஒரு பக்கம். எதில் எழுத என்று கேட்பார்களாம்.

"பேரை மட்டும் எழுதுங்கோ, மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும் எண்டு சொல்லுவன்," என்றார். "தெரிஞ்சால் எனக்கும் சொல்லலாம்தானே?"