பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கோப்

மகள் குடும்பம் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது. சென்ற முறை ஆறு மாதம் தங்கப் போயிருந்தபோது, நான் ராணுவத்தில் ஈ.எம்.இ. பிரிவில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்று மாப்பிள்ளை பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். பைனாகுலர், துப்பாக்கி ஸ்கோப் இவற்றையெல்லாம் பிரித்து, லென்ஸில் படர்ந்த பூஞ்சையைத் துடைத்து, மறுபடி பூட்டிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். கேட்டதும் அவர் ஓடி வந்துவிட்டார். புதிதாக ஒரு ஸ்கோப் வாங்க வேண்டுமாம், யோசனை சொல்ல வேண்டுமாம்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை முடிந்த கதை. அங்கே உரிமம் வாங்கி, குறித்த பருவத்தில், குறித்த நேரத்தில் சுடலாம். அமெரிக்காவிலேயே எல்க் என்னும் பெரிய மான்கள் அதிகம் உள்ள மாநிலம் அது. ஒரு மானின் இறைச்சியை ஃப்ரீசரில் வைத்து மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள்.

"ஏங்க, ஒரு உசுரக் கொல்றதுக்கா யோசனை சொல்லப் போறீங்க?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மனிதர் சொன்ன விஷயம் என்னை உட்கார வைத்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு வெகு தூரத்திலிருந்து சுட்டாராம். அடிபட்ட மான் காட்டுக்குள் போய்விட்டது. இருட்டும் வரை ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். இரவு பனி பெய்து தடயம் எல்லாம் மூடிவிட்டது. மான் கிடைக்கவே இல்லை. இன்னும் அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடுகிறது. அதனால்தான் 25 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் வேண்டும் என்கிறார். 700 கெஜத்தில் நிற்பதும் பக்கத்தில் தெரியுமே!

தெரியும். ஆனால் மான் பக்கத்தில் வந்துவிடாதே. தோட்டா அதே 700 கெஜம்தான் பறந்தாக வேண்டும்.

அவருடையது .30-06 ரைஃபிள். 200 கெஜத்துக்கு ஜீரோ செய்தால் 300 கெஜத்தில் தோட்டா ஏறக்குறைய 8 அங்குலம் கீழே இறங்கும். 400-இல் இரண்டு அடி. இதையாவது கணக்குப் போட்டு ஸ்கோப்பின் குமிழைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். காற்றை என்ன செய்வது? மணிக்கு பத்து மைல் வேகக் குறுக்குக் காற்று 400 கெஜத்தில் தோட்டாவைச் சுமார் ஓர் அடி தள்ளிவிடும். மானுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கிறது என்று எந்தக் கண்ணாடியும் காட்டாது.

மடங்கு கூடினால் வேறு தொல்லைகளும் உண்டு. பார்வைப் பரப்பு குறுகிவிடும். மான் ஓர் எட்டு நகர்ந்தாலும் தேட வேண்டும். கை நடுக்கமும் 25 மடங்கு பெரிதாகத் தெரியும். வெளிச்சமும் குறையும். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸில் 25 மடங்கு வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை வெறும் 2 மி.மீ. அதே லென்ஸில் 8 மடங்கு வைத்தால் 6 மி.மீ.க்கு மேல். மான்கள் வெளியே வருவதோ விடிகாலையிலும் அந்தியிலும்! நான் ராணுவத்தில் பார்த்த ட்ரகுனோவ் ரைஃபிளின் ஸ்கோப் வெறும் 4 மடங்குதான், 24 மி.மீ. லென்ஸ். (அதன் வேலை வேறு, அதை விடுங்கள்.)

கடைக்குக் கூடவே போனேன். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்க, சில விலக்குகள் தவிர, அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே ரைஃபிளைத் தொடவில்லை. ஸ்கோப்பை மட்டும் கையில் வாங்கிப் பார்த்தேன். கடை விளக்கில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய், தெருக்கோடி மரத்தின் நிழலுக்குள் இலை பிரிந்து தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். கடைசியில் 3.5-இலிருந்து 10 மடங்கு வரை போகும் லூபோல்ட் ஒன்றை எடுத்தார். மிச்சமான பணத்தில் நல்ல ரிங்கும் மவுண்ட்டும் வாங்க வைத்தேன். இதில் கஞ்சத்தனம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மவுண்ட் ஆடினால் எத்தனை ஆயிரம் டாலர் ஸ்கோப்பும் வெறும் குழாய்தான்.

பிறகு சுடுதளத்தில் சோதனை. 100 கெஜத்தில் ஒரு குண்டு. குமிழை மேலே 20 கிளிக், வலது 20, கீழே 20, இடது 20 என்று திருப்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு. கடைசிக் குண்டு முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் விழுந்தால் குமிழ் சொன்ன பேச்சு கேட்கிறது என்று அர்த்தம். விழுந்தது.

அடுத்து மேசையை விட்டு எழுந்து வரச் சொன்னேன். காட்டில் மேசை ஏது? முதுகுப் பையில் ரைஃபிளைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்து, சாப்பாட்டுக் காகிதத் தட்டைச் சுட வேண்டும். பைனாகுலரோடு நான் பின்னால். 200 கெஜத்தில் ஐந்துக்கு ஐந்து. 300-லும் ஐந்து. 400-இல் இரண்டுதான் தட்டில் பட்டன. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு துண்டு டேப்பில் '300' என்று எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டிக்கொண்டார்.

அக்டோபரில் போனார். முதல் நாள் 520 கெஜத்தில் பெரிய கொம்பன் ஒன்று நின்றதாம். நெருங்க வழியில்லாமல் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மூன்றாம் நாள் 180 கெஜத்தில் ஒன்று கிடைத்தது, நின்ற இடத்திலேயே விழுந்தது. எங்களுக்கும் ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். மகள் வீட்டில் சைவம். மாப்பிள்ளை நன்றி சொல்லிப் பக்குவமாக மறுத்துவிட்டார். ஸ்கோப்பை எத்தனை மடங்கில் வைத்திருந்தார் என்று மட்டும் நான் கேட்டேன். ஐந்து என்றார்.