அஸ்ட்ரிட் என்றால் அழகு மட்டும்தானா?

வருமான வரிப் பாடத்துக்குப் படிக்கும்போது மாட்டிய பெயர் இது. வரிக்கும் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கடைசியில் சொல்கிறேன்.

அஸ்ட்ரிட் பழைய நார்ஸ் மொழிப் பெண் பெயர். அன்றைய வடிவம் ஆஸ்த்ரீத்ர். முதல் பாதிக்குக் கடவுள் என்று பொருள்; பின்பாதிக்கு அழகானவள். சேர்த்தால் தெய்வ அழகு கொண்டவள். சிக்ரிட் (வெற்றி + அழகு), இங்க்ரிட் (இங் என்ற தெய்வம் + அழகு) எல்லாம் இதற்கு அக்கா தங்கைகள்.

என் பெயருக்கும் அழகு என்றுதான் அர்த்தம். பெண் பிறந்தால் எந்த ஊரிலும் இதே கதைதானா என்று சலிப்பாகிவிட்டது. ஆனால் இந்தப் பெயரோடு வாழ்ந்தவர்களைத் தேடிப் படித்தபோது சலிப்பு போய்விட்டது.

11ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் டேபி பகுதியில் எஸ்ட்ரிட் என்று ஒருவர். அதே பெயர்தான், உச்சரிப்பு கொஞ்சம் மாறியது. ஜெருசலேம் வரை போய், கிரேக்கர் நாட்டில் இறந்த கணவர் ஓஸ்டேனுக்கு அவர் நாட்டிய நினைவுக்கல் இன்றும் இருக்கிறது. அதில் ரூன் எழுத்தில் முதலில் இருப்பது கணவர் பெயர் அல்ல, நாட்டியவர் பெயர். கல் வெட்டக் காசும் வேண்டும், இல்லையா?

நார்வே அரசர் ஓலாவ் ஹரால்ட்சன் 1030இல் போரில் இறந்தார். அவர் மனைவி பெயரும் அஸ்ட்ரிட். தான் பெறாத மகன் மாக்னுஸுக்காக ஸ்வீடனில் மக்கள் சபை முன்பு பேசி ஆள் திரட்டினார். சிக்வாட் என்ற அரசவைக் கவிஞர் அதற்காக அவரைப் புகழ்ந்து பாடினார். 1035இல் மாக்னுஸ் அரசரானான்.

இப்போது வரிக் கதை. பிப்பி லாங்ஸ்டாக்கிங் எழுதிய அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1976இல் கணக்குப் பார்த்தபோது, கூடுதலாகச் சம்பாதிக்கும் வருமானத்துக்கு 102 சதவீதம் வரி வந்தது. நூறு ரூபாய் சம்பாதித்தால் நூற்றிரண்டு கட்ட வேண்டும்! அவர் அதையே ஒரு கிண்டல் கதையாக எழுதிச் செய்தித்தாளில் வெளியிட்டார். இவருக்குக் கணக்கு வராது என்கிற தொனியில் நிதியமைச்சர் பேசினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கட்சி அந்த ஆண்டே தேர்தலில் தோற்றது. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் நாடே பேசிய கதை.

இந்த மூவரையும் அழகுக்காக யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. என் பெயருக்கு அர்த்தம் கேட்டால் இனிமேல் சலிக்காமல் சொல்வேன். மீதியை நான்தானே சேர்க்க வேண்டும்!

உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்? சொல்லிவிட்டுப் போங்களேன்.